98 மாருதி 800, அப்பாட கார், புரோக்கர் ஆறரை லட்சம் சொல்றான். நியாயமான விலை எவ்வளவு?

உவர்மலை_வாசி | ஜூலை 6, 2025

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறன் பொறுத்துக்கொள்ளுங்கோ. எங்கட வீட்டில ஒரு 98 மாருதி 800 நிக்குது. 300 சீரிஸ் நம்பர், வெள்ளை, கார்பரேட்டர், நாலு கியர், ஏசி பிறகு பூட்டினது, இப்ப காத்து மட்டும்தான் வரும். அப்பா 2006ல எடுத்தவர், பதிவுப் புத்தகம் அவர்ட பேர்லதான். இப்ப அவருக்கு கண் சரியில்ல, ஓடுறதில்ல, நான் பைக்கிலதான் வேலைக்கு போறன், கார் மாமரத்துக்கு கீழ நிண்டு இலை விழுந்து நாறுது.

விப்பம் எண்டு முடிவெடுத்து தெரிஞ்ச ஒரு புரோக்கரிட்ட சொன்னன். வந்தார், கதவை ரெண்டு தரம் அடிச்சு சாத்தினார், பொனட்டை திறக்கவே இல்ல, ஆறரை எண்டார். அப்பா எழும்பி உள்ள போயிட்டார். அவர்ட கணக்கில 14. ஏனெண்டா 2022ல பெற்றோல் லைன்ல நிக்கேக்க பின்னால நிண்ட ஒருத்தர் "ஐயா 14 தாறன், சாவியைத் தாங்க" எண்டு கேட்டவராம். அந்தக் கதையை இந்த 3 வருசத்தில ஒரு நூறு தரம் கேட்டிருப்பன். இக்மன் விளம்பரத் தளத்தில பாத்தா இதே மொடல் 10.5ல இருந்து 13 வரைக்கும் கிடக்கு.

ஆறரை, 14. இதில உண்மை எங்க இருக்கு? வேற ஆரும் திருமலைக்குள்ள (திருகோணமலை) இப்பிடி பழைய சின்னக் கார் வித்த ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

நிலாவெளி_ரைடர் | ஜூலை 6

14ஆ 😂 அப்பாக்கு சொல்லுங்க 2022ல எங்கட பழைய சைக்கிளுக்கே 60 ஆயிரம் கேட்டாங்க எண்டு

கிண்ணியா_நானா | ஜூலை 6

வாப்பாவை பகிடி பண்ணாதீங்க தம்பி, அவர் சொன்னதும் பொய்யில்ல. 2020 மார்ச்ல இறக்குமதியை நிப்பாட்டினாங்க தானே, அதுக்குப் பிறகு ஓடுற சாமான் எல்லாத்துக்கும் ராஜ மரியாதை. கியூஆர் கோட் வச்சு பெற்றோல் பங்கிட்டுக் குடுத்த நேரம் கார் ஒண்டு வீட்டில நிண்டா அதுக்கொரு பெற்றோல் கோட்டா வரும் எண்டே பழசை வாங்கின ஆக்கள் இருக்காங்க. அந்த நேரம் கேட்ட விலை அந்த நேரத்தோட போச்சு. 2025 பெப்ரவரியில இருந்து தனியார் வாகனம் இறக்க விட்டிருக்காங்க, ஆனா வரி போட்டு வாற விலையைப் பாத்தா எங்கட ஆக்களுக்கு எட்டாது, அதால பழசு விழுந்தும் போகல்ல.

உவர்மலை தம்பிக்கு ஒண்டு செல்றன். நெட்டில கிடக்கிறது விக்கிற விலை இல்ல, விக்காத விலை. வித்த கார் விளம்பரத்தில நிக்காது தானே. நான் பக்கத் தொழிலா ஒரு பத்துப் பன்னிரண்டு வருசமா வாங்கி விக்கிறன், நான் செய்யிற வேலை இதுதான்: அதே மொடல் அஞ்சாறு விளம்பரத்துக்கு வாங்குற ஆள் மாதிரி கோல் எடுங்க. காரைப் பத்தி மிச்சம் கேக்க வேணாம், "இன்னும் நிக்குதா, போட்டு எத்தனை நாள், காசு கையில இருக்கி, லாஸ்ட் எவ்வளவு" அவ்வளவுதான். ரெண்டு மாசமா நிக்கிற 13 காரன் போன்லயே பத்தரைக்கு வருவான். ஒரு கிழமைக்குள்ள காணாமப் போன விளம்பரம் எது எண்டு பாருங்க, அதுதான் சந்தை. இதை செஞ்சிட்டு வந்து நம்பரை சொல்லுங்க.

சாம்பல்தீவு_அக்கா | ஜூலை 7

நான் போன வருசம் என்ர ஆல்டோவை வித்தனான், அதில பட்டதை சொல்றன். விளம்பரம் போட்டு ரெண்டாம் நாள் ஒருத்தர் வந்தார், நல்ல மரியாதையான ஆள், அக்கா அக்கா எண்டு கதைச்சு காரைப் பாத்திட்டு முகத்தை சுருக்கி, "அக்கா இதுக்கு என்ஜின் வேலை வரும்" எண்டு சொல்லி நான் கேட்டதில பாதி விலை சொல்லிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு விழுந்து போச்சு. அடுத்த நாள் பின்னேரம் வேறொருத்தர் வந்து அவரும் என்ஜினைத்தான் சொல்றார், ஆனா ஒண்டரை லட்சம் கூட்டிக் கேட்டார். நான் குடுக்க ரெடியாகிட்டன், இவ்வளவாவது வருதே எண்டு. என்ர மகன்தான் "அம்மா நேத்து வந்தவர்ட ஹெல்மெட்டைத்தான் இவர் போட்டு வந்திருக்கிறார்" எண்டான். பின்னால பச்சை ஸ்டிக்கர் ஒட்டின ஹெல்மெட். நான் வாசலுக்குப் போய் பாத்தா உண்மைதான். ரெண்டு பேரும் ஒரே ஆக்கள், முதல் ஆள் வாறதே எங்கட மனசைக் குறைக்கத்தான்.

அதால தம்பி, முதல் வாற ஆள் சொல்ற விலையை காதில எடுக்காதைங்கோ. அந்த ஆறரையையும்தான்.

பாலையூற்று_பாஸ் | ஜூலை 7

கராஜ் வச்சிருக்கிறன். மாருதி எண்டா வருசத்துக்கு ஒரு இருபது முப்பது கையால போகும். ஆறரையும் இல்ல 14உம் இல்ல எண்டு காரைப் பாக்காமலே சொல்லலாம் ஆனா நடுவில எங்க எண்டது உங்கட காலுக்கு கீழ இருக்கு. பாயைத் தூக்கிப் பாருங்க. திருமலையில மாருதியை கொல்றது என்ஜின் இல்ல, உப்பு. 800 என்ஜின் சின்ன 796 சீசீ மூண்டு சிலிண்டர், சாமான் இந்தியன் சாமான் எல்லா கடையிலயும் இருக்கு, என்ஜினை எப்பவும் எழுப்பலாம். புளோர் போனா பொடி போச்சு. டிரைவர் பக்கம் பெடலுக்கு கீழ, பின் சீற்றுக்கு கீழ, பற்றரி தட்டுக்கு கீழ, பின் சில்லு வளைவுக்கு உள்ள, டிக்கியில ஸ்பெயார் வீல் கிடக்கிற குழி. இந்த அஞ்சு இடத்தையும் ஸ்குரூ டிரைவர் பின் பக்கத்தால தட்டிப் பாருங்க, டங் எண்டா நல்லம், டொப் எண்டா பட்டி, ஓட்டையை மூடிப் பூசின பூச்சு.

வாங்க வாறவன் விவரமான ஆள் எண்டா பிரிட்ஜில ஒட்டுற காந்தம் ஒண்டு பொக்கற்றில கொண்டு வருவான். துணியில சுத்தி பொடியில வச்சுக்கொண்டே போவான், விழுற இடமெல்லாம் பட்டி போட்ட இடம்.

உவர்மலை_வாசி | ஜூலை 8

எல்லாருக்கும் நன்றி. பாயைத் தூக்கினன் பாஸ் அண்ணை. டிரைவர் பக்கம் என்ர உள்ளங்கை அளவுக்கு ஓட்டை, நிலம் தெரியுது, ஒரு மாங்கொட்டை கீழ கிடக்கிறதைக் கூட பாத்தன். மற்ற இடம் எல்லாம் டங் எண்டுதான் கேக்குது, பற்றரி தட்டு மட்டும் கொஞ்சம் அரிச்சிருக்கு. ஸ்பெயார் வீல் குழி நல்லா இருக்கு ஆனா ஸ்பெயார் வீல் இல்ல 😅 அப்பாட்ட கேட்டா ஞாபகம் இல்லையாம்.

நானா சொன்ன மாதிரி ஏழு இடத்துக்கு கோல் எடுத்தன். 13 காரர் உடனயே 11 எண்டார். குருநாகல்ல ஒருத்தர் 10.5 போட்டவர், 9.25 எண்டு அவரே சொன்னார் நான் கேக்கவே இல்ல. மட்டக்களப்பில ஒண்டு 9.5, போட்டு நாலாம் நாள் போயிட்டாம், 9.3க்கு. மற்றவை போன் எடுக்கல்ல. அப்ப ஒம்பதுக்கும் ஒம்பதரைக்கும் நடுவிலயா?

கிண்ணியா_நானா | ஜூலை 8

மட்டக்களப்பு காருக்கு புளோர்ல ஓட்டை இருந்திச்சா எண்டு கேட்டீங்களா 😀

ஆனா சரி, இப்ப கையில ஒரு நம்பர் இருக்கி. இன்னொரு விசயமும் யோசிங்க. பத்து லட்சத்துக்கு கீழ பழைய காருக்கு லீசிங் குடுக்கிறது மிச்சம் குறைவு, வருசம் கூடிப் போனா கம்பனி தொடவே மாட்டான். அப்ப வாறவன் எல்லாம் கையில காசோட வாறவன். 30 லட்சத்து காருக்கு வாறவன் மாசக் கட்டுக் காசைத்தான் பாப்பான், 50 ஆயிரம் கூடினாலும் அவனுக்கு விளங்காது. உங்கட காருக்கு வாறவன் நகை வச்ச காசு, சீட்டு எடுத்த காசு, மாடு வித்த காசு கொண்டு வாறவன். அவன்ட மடியில ஒம்பது இருந்தா ஒம்பதே காலுக்கு அவனால வர ஏலாது, கார் பிடிக்காம இல்ல.

பென்சன்_ஐயா | ஜூலை 9

தம்பி, எல்லாரும் காரைப் பாக்கச் சொல்லுகினம், நான் புத்தகத்தைப் பாக்கச் சொல்லுறன். அரச அலுவலகத்தில 34 வருசம் கிளாக்கரா இருந்தவன், எத்தினை பேர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைஞ்சதைக் கண்டிருக்கிறன் தெரியுமே.

உம்மட அப்பா 2006ல எடுத்தவர் எண்டீர், காசுக்கே லீசிங்குக்கே? லீசிங் எண்டா பதிவுப் புத்தகத்தில அப்பான்ர பேருக்கு மேலதிகமா முழு உரிமையாளர் எண்டொரு இடம் இருக்கும், அப்சொலூட் ஓனர் எண்டு, அதில கம்பனியின்ர பேர் கிடக்கும். கட்டி முடிச்சவுடன கனபேர் கடைசிக் கடிதத்தை வாங்கி அலுமாரிக்குள்ள வைச்சிட்டு இருந்திடுவினம், புத்தகத்தில இருந்து பேரை எடுப்பிக்க மாட்டினம். விக்கப் போற அண்டைக்குத்தான் தெரியவரும். வாங்க வந்த ஆள் அதைக் கண்டால் ஒண்டில் எழும்பிப் போவார், இல்லாட்டி ரெண்டு லட்சத்தைக் குறைப்பார்.

அடுத்தது, செஸி நம்பரையும் என்ஜின் நம்பரையும் புத்தகத்தோட ஒத்துப் பாரும். இடையில என்ஜின் மாத்தி புத்தகத்தில பதியாமல் விட்ட வாகனம் இந்த ஊரில நிறைய. வருமான அனுமதிப்பத்திரம் எப்ப முடிஞ்சது? கார் நிண்ட வருசங்களுக்கு நிலுவை இருக்கும். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில அனுமதிப்பத்திரம் தரமாட்டினம், புகைச் சான்றிதழ் கேக்கிறது 2008ல இருந்து உள்ள நடைமுறை.

உவர்மலை_வாசி | ஜூலை 9

ஐயா உங்கட வாய்க்கு சீனி போடணும், இல்ல வேற ஏதும் போடணுமோ தெரியல்ல. இப்பதான் புத்தகத்தை எடுத்துப் பாத்தன். கம்பனிட பேர் அப்பிடியே கிடக்கு. அப்பா 2010ல கட்டி முடிச்சவராம், கடிதம் தந்தவங்களாம், அது எங்க எண்டு தெரியாதாம். அதிலயும் அந்தக் கம்பனி இப்ப அந்தப் பேர்ல இல்ல, வேறொண்டோட சேந்திட்டுது. லைசென்ஸ் ரெண்டு வருசம் கட்டல்ல. என்ஜின் நம்பர் சரி.

அம்மா சொல்றா சாமி அறையைத் தேடச் சொல்லி, அப்பா முக்கியமான பேப்பர் எல்லாத்தையும் படத்துக்குப் பின்னால செருகுறவராம்.

நிலாவெளி_ரைடர் | ஜூலை 9

இவ்வளவு கரைச்சல் ஏன் ப்ரோ, ஓப்பன் பேப்பர்ல தள்ளி விடுங்க. படிவத்தில கையெழுத்த வச்சு ஐடென்டிட்டி கொப்பியை குடுத்தா வாங்கிறவன் பாத்துக்கொள்ளுவான். பாதி நாடே அப்பிடித்தான் ஓடுது

பென்சன்_ஐயா | ஜூலை 9

பாதி நாடு ஓடுறதெண்டு நீரும் ஓடுறதே? வெற்றுப் படிவத்தில கையெழுத்து வைச்சுக் குடுத்தால் அந்தக் கார் ஆற்றை கையில போனாலும் பதிவில அப்பாதான் உரிமையாளர். நாலு கை மாறி எங்கேயோ ஒரு பிள்ளையை அடிச்சிட்டு நிப்பாட்டாமல் போனால் பொலிஸ் முதல் வாறது உவர்மலைக்கு. சட்டப்படி கை மாறின நாளில இருந்து 14 நாளுக்குள்ள ரெண்டு பக்கமும் அறிவிக்க வேணும். உரிமை மாற்றப் படிவம் ஒண்டு இருக்கு. நான் வித்துப்போட்டன் எண்டு விக்கிறவர் மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அறிவிக்கிறது வேற. அந்த அறிவிப்பை வாங்கிறவரின்ர கையில குடுத்து விடாமல் நீரே பதிவுத் தபாலில போட்டு துண்டை வைச்சுக்கொள்ளும். ஒரு தபால் செலவு.

நிலாவெளி_ரைடர் | ஜூலை 9

சரி ஐயா சரி. நான் என்ர பழைய பைக்கை 2019ல ஓப்பன் பேப்பர்ல குடுத்தன், இப்ப அது எங்க நிக்குதெண்டு சத்தியமா தெரியாது. இரவைக்கு நித்திரை வராது போல கிடக்கு

ஸ்காபரோ_திருமலையான் | ஜூலை 10

இங்க கனடாவில எண்டா 27 வருசக் காரை கூப்பிட்டா வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவாங்க, கையில ஒரு முந்நூறு நானூறு டொலர் தருவாங்க, அரை மணித்தியாலத்தில முடிஞ்சுது. நீங்கள் ஒரு மாருதிக்கு மாநாடு வைக்கிறியள் 😀 நான் ஓட்டிப் பழகினது டொக்யார்ட் ரோட்டில ஒரு 800லதான், படம் இருந்தா போடுங்கோ தம்பி.

பாலையூற்று_பாஸ் | ஜூலை 10

அண்ணை அங்க அது இரும்பு, இங்க அது ஒரு குடும்பத்துக்கு முதல் கார்.

உவர்மலை தம்பி, எதை செய்யிறது எதை விடுறது எண்டு கேக்காமலே சொல்றன், எல்லாரும் பிழை விடுற இடம் இது. பெயின்ற் அடிக்காதீங்க. முழுப் பெயின்ற் ஒண்டரை ரெண்டு லட்சம் போகும், விலையில 50 ஆயிரம் கூட ஏறாது, அதோட புதுப் பெயின்ற் கண்டா வாங்கிறவனுக்கு என்னத்த மறைச்சாங்க எண்டுதான் யோசனை வரும். ஏசியை விடுங்க. ரயர் புதுசு போடாதீங்க. என்ஜின் பிரிக்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: அந்த புளோர் ஓட்டையை தகடு வச்சு வெல்டிங் பண்ணுங்க, பட்டி வேண்டாம், தகடு தெரியட்டும், கீழால ஆன்டிரஸ்ட் அடிங்க. பற்றரி உயிரோட இருக்கோணும், வாறவன் முன்னால தள்ளி ஸ்ராட் எடுத்தா அதிலயே அரை லட்சம் போச்சு. லைட், சிக்னல், ஹோன், வைப்பர், கண்ணாடி ஏத்துற கைபிடி இதெல்லாம் வேலை செய்யோணும், சில்லறை வேலை, ஆனா இது அஞ்சு பழுதா கிடந்தா அவன் கணக்குப் போடுறது அம்பது பழுது எண்டு. முன் அச்சு பூட்ஸ் (மூட்டை மூடுற றப்பர் உறை) கிழிஞ்சிருந்தா மாத்துங்க, திருப்பேக்க கட கட எண்டா எவனுக்கும் விளங்கும். பிறகு உள்ளுக்கு நல்லா கழுவி ஒரு நாள் கதவைத் திறந்து வெயில்ல விடுங்க.

புகை டெஸ்டுக்கு நிண்ட காரை அப்பிடியே கொண்டு போகாதீங்க, கட்டாயம் பெயில். டாங்கில கிடக்கிற பழைய பெற்றோலை எடுத்திட்டு புதுசு விட்டு, எயார் பில்டர், பிளக் மூண்டு, கார்பரேட்டர் கழுவி மிக்ஸர் செட் பண்ணி, நிலாவெளி வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடி சூடா கொண்டு போங்க. ஐட்லிங்ல ஒருக்கா 2500 ஆர்பிஎம்ல ஒருக்கா பாப்பாங்க.

உவர்மலை_வாசி | ஜூலை 13

கடிதம் கிடைச்சுது!! பிள்ளையார் படத்துக்குப் பின்னால. 2010 திகதி போட்டு, கட்டி முடிச்சாச்சு எண்டு. மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு, செல்லரிச்சு, ஆனா சீல் தெரியுது. அதைக் கொண்டு இங்க உள்ள கிளைக்குப் போனன், அங்க இருந்த பொடியன் என்னை விட சின்ன ஆள், இந்தப் பேரை தான் கேள்விப்படவே இல்ல எண்டான். பிறகு பெரியவர் ஒருத்தர் வந்து பாத்திட்டு தலைமை அலுவலகத்துக்கு அனுப்போணும், ரெண்டு மூண்டு கிழமை ஆகும் எண்டார். அப்பா நேத்து முழுக்க சிரிப்பு, "நான் பத்திரமா வச்சிருக்கிறன் எண்டு சொன்னனான் தானே" எண்டு. சொல்லவே இல்ல.

இதுக்கிடையில விளம்பரம் போடவா, இல்ல பேர் எடுபட்ட பிறகு போடவா?

கிண்ணியா_நானா | ஜூலை 13

பொறுங்க. புத்தகம் சுத்தமான பிறகு போடுங்க. வேறொரு காரணமும் இருக்கி. இப்ப ஜூலை, வயல் பக்கம் காசு இல்லாத நேரம், எல்லாம் உரத்துக்கும் மருந்துக்கும் போயிட்டு. ஆகஸ்ட் கடைசி செப்டெம்பர்ல தம்பலகாமம், கந்தளாய், மூதூர் பக்கம் சிறுபோகம் வெட்டி நெல்லுக் காசு கைக்கு வரும். அந்த ரெண்டு மாசம் பழைய வாகனம் நல்லா ஓடும், நான் வருசா வருசம் பாக்கிறன். பெரும்போகம் எண்டா மாசி பங்குனி. மாரிக்குள்ள மட்டும் போயிடாதீங்க, நவம்பர்ல மழை தொடங்கினா பாய்க்குள்ள ஈரமும் மணமும், எவனும் வர மாட்டான்.

நிலாவெளி_ரைடர் | ஜூலை 14

ஒரு டவுட். விளம்பரத்தில குறையெல்லாம் எழுதவா விடவா? நான் சொல்லுவன் எழுதாதீங்க எண்டு. ஏசி இல்ல, மீற்றர் ஓடாது, புளோர் வெல்டிங் எண்டு போட்டா எவன் கோல் எடுப்பான்

சாம்பல்தீவு_அக்கா | ஜூலை 14

நான் முதல் எழுதாமத்தான் போட்டன். 40 கோல் வந்திச்சு. ஒம்பது பேர் வீட்ட வந்தவை, ஒவ்வொருத்தருக்கும் தேத்தண்ணி போட்டு குடுத்ததுதான் மிச்சம். ஒரு ஆள் அநுராதபுரத்தில இருந்து வந்தவர், போன்ல விலை பேசி ஒத்துக்கொண்டவர், வாசல்ல நிண்டு கொண்டு "ஏசி சொல்லல்லயே அக்கா, நாங்க இவ்வளவு தூரம் வந்திட்டம், ஒரு லட்சம் குறைங்க" எண்டு ஒரு மணித்தியாலம் நிண்டார். பாவமாவும் இருந்திச்சு, ஆத்திரமாவும் இருந்திச்சு. பிறகு அந்த விளம்பரத்தை எடுத்திட்டு, எல்லாத்தையும் எழுதி, ஏசி கூலிங் இல்ல, பின் பம்பர் வெடிப்பு படம் 7ல பாருங்க, விலை இதெல்லாம் கழிச்சுத்தான் போட்டிருக்கிறன் எண்டு போட்டன். ஆறு கோல்தான் வந்திச்சு, மூண்டு பேர் வந்தவை, மூண்டாவது ஆள் எடுத்தவர். அவரும் குறைக்கப் பாத்தார், ஆனா சொல்றதுக்கு அவரிட்ட ஒண்டும் இருக்கல்ல, எல்லாம் நானே சொல்லிட்டன் தானே.

கிண்ணியா_நானா | ஜூலை 14

அக்கா செல்றதுதான் சரி, இது என்ட தொழிலுக்கு நட்டம், ஆனாலும் சொல்லுறன் 😀 நாங்க வாங்கப் போனா எழுதாத குறையைத்தான் தேடுவம். ஒண்டு கண்டா அதை வச்சு மூண்டு குறைக்கலாம்.

விலையை மட்டும் கொஞ்சம் இடம் விட்டுப் போடுங்க. ஒம்பதே கால் வேணும் எண்டா 9.85 போடுங்க. 12 போட்டா கையில ஒம்பதோட இருக்கிறவன் கோலே எடுக்க மாட்டான், அவன் தேடேக்கையே பத்துக்கு மேல வேண்டாம் எண்டுதான் தேடுவான். கடைசி எவ்வளவுக்கு விடலாம் எண்டதை வாப்பாவோட இருந்து முன்கூட்டியே பேசி ஒரு துண்டில எழுதி வைங்க. வாறவன் முன்னால நீங்க ஒண்டு அவர் ஒண்டு கதைக்காதீங்க.

மீற்றரைத் திருத்தி குறைச்சு விடுறன் எண்டு எவனும் வந்தா விரட்டுங்க.

பாலையூற்று_பாஸ் | ஜூலை 15

ரெண்டு பேர் என்னட்டயே கேட்டிருக்காங்க மீற்றர் குறைக்க. கேபிள் அறுந்தா கேபிள் அறுந்தது எண்டு சொல்லுங்க, 27 வருசக் காருக்கு மீற்றரைப் பாத்து எவன் வாங்கிறான்.

உவர்மலை_வாசி | ஆகஸ்ட் 22

ஒரு மாசத்துக்கு மேலாச்சு, மன்னிக்கோணும். கம்பனி கடிதம் மூண்டு கிழமை எண்டது அஞ்சு கிழமையாச்சு, நாலு தரம் போய் நிண்டன். இப்ப புத்தகத்தில அப்பாட பேர் மட்டும்தான். லைசென்ஸ் கட்டியாச்சு நிலுவையோட. புகை டெஸ்ட் ரெண்டாம் தரம்தான் பாஸ், முதல் தரம் பாஸ் அண்ணை சொன்னதைக் கேக்காம அப்பிடியே கொண்டு போனன், என்ர பிழை. செலவு எல்லாம் சேத்து 62 ஆயிரம், அதில பாதி பேப்பருக்கு.

நேத்து விளம்பரம் போட்டன் 9.85க்கு, எல்லாக் குறையும் எழுதி, தகடு வச்ச இடத்தை கிட்ட எடுத்து. அப்பா வாசிச்சிட்டு "என்ர காரை நீ விக்கிறியா, கோள் சொல்லுறியா" எண்டார்.

ஒரு கோல் வந்திச்சு, குளியாப்பிட்டியில இருந்து கதைக்கிறனாம், காரே பாக்கல்ல, 9.85உம் ஓகேயாம், அட்வான்ஸ் போட அக்கவுண்ட் நம்பர் தாங்க, போனுக்கு ஒரு நம்பர் வரும் அதை சொல்லுங்க எண்டார்.

பென்சன்_ஐயா | ஆகஸ்ட் 22

அந்த நம்பரைக் குடுத்தால் காரும் நிக்கும், உம்மட கணக்கில காசு மட்டும் நிக்காது. உடனே வைச்சு விடும்.

சாம்பல்தீவு_அக்கா | ஆகஸ்ட் 22

பாக்காம முழு விலைக்கு ஓம் எண்டுற ஆளை நம்பாதைங்கோ தம்பி. அதோட ஓடிப் பாக்க கேட்டா நீங்களும் பக்கத்தில ஏறுங்கோ, ஆள்ட ஐடென்டிட்டியை முதல் படம் எடுத்து வையுங்கோ. காசை வீட்டில எண்ண வேண்டாம், பாங்குக்கு கூட்டிக்கொண்டு போய் கவுண்டர்ல கட்டச் சொல்லுங்கோ, 5000 தாள் கட்டுக்கட்டா வரேக்க எது நல்லது எது கெட்டதெண்டு எங்களுக்கு விளங்காது.

உவர்மலை_வாசி | செப்டெம்பர் 9

கார் போயிட்டுது.

மொத்தம் 11 கோல், நாலு பேர் வந்தவை. முதல் ஆள் பழைய புரோக்கர்தான், இந்த முறை பொனட்டையும் திறந்து பாத்து ஏழே முக்கால் சொன்னார், நான் சிரிச்சன், அவரும் சிரிச்சார். ரெண்டாவது லேர்னர்ஸ் (கார் ஓட்டப் பழக்கிற இடம்) வச்சிருக்கிற ஒருத்தர், 8.5க்கு மேல வரல்ல. மூண்டாவது ஆள் காந்தம் கொண்டு வந்தவர் பாஸ் அண்ணை!! துணியில சுத்தி, நீங்கள் சொன்ன மாதிரியே. பொடி முழுக்க வச்சுப் பாத்திட்டு, தகடு வச்ச இடத்தை தானா தேடிக்கொண்டு போக நான் பாயைத் தூக்கி காட்டினன், "இதை நீங்களே போட்டிருக்கிறீங்கதானே" எண்டு எழும்பிட்டார், 9 தாறன் யோசிச்சு சொல்லுங்க எண்டு போனார்.

நாலாவது தம்பலகாமத்தில இருந்து, தகப்பனும் மகளும். மகள் ரீச்சர், கிண்ணியா தாண்டிப் போய் படிப்பிக்கிறா, மாரிக்குள்ள ஸ்கூட்டியில போய் நனைஞ்சு போன வருசம் காய்ச்சல் வந்து கிடந்தவவாம். நானா சொன்ன கணக்கு அப்பிடியே, நெல்லுக் காசு. தகப்பன் காரை விட புத்தகத்தைத்தான் கனநேரம் பாத்தார், ஒவ்வொரு பக்கமா. அவர் முதல் ஒரு வான் எடுத்து இந்த அப்சொலூட் ஓனர் பிரச்சினையில எட்டு மாசம் அலைஞ்சவராம். எங்கட புத்தகத்தில பேர் எடுபட்டிருக்கிறதைக் கண்டிட்டு "இதை ஆர் செய்வித்தது" எண்டு கேட்டார், நான் எண்டன். பிறகு விலையில அவ்வளவா இழுபடல்ல. 9 எண்டார், நான் 9.4 எண்டன், மகள் "அப்பா" எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னா, 9.2ல முடிஞ்சுது. துண்டில நானும் அப்பாவும் எழுதி வச்சது 9.

அடுத்த நாள் பாங்கில காசு கட்டி, அங்கேயே உரிமை மாற்றப் படிவத்தில ரெண்டு பக்கமும் கையெழுத்து, வித்த அறிவிப்பை நானே பதிவுத் தபால்ல போட்டன், துண்டு இருக்கு ஐயா. அப்பாக்கு கண் சரியில்லாததால கையெழுத்து வைக்கிற இடத்தில நான் விரலை வச்சு காட்டினன்.

அப்பா வாசல் மட்டும் வந்து அந்தப் பிள்ளைக்கு சொக்கை எவ்வளவு இழுக்கோணும், காலமையில எத்தினை தரம் ஆக்ஸிலேட்டரை மிதிச்சிட்டு ஸ்ராட் பண்ணோணும் எண்டு பத்து நிமிசம் வகுப்பெடுத்தார். 14 கதை சொல்லத் தொடங்கினார், நான் உள்ள போயிட்டன்.

கிண்ணியா_நானா | செப்டெம்பர் 9

மாஷா அல்லாஹ். அந்தப் பக்கம் போனா நானும் பாக்கிறன், வெள்ளை 800, கண்டு பிடிக்கலாம்.

ஸ்காபரோ_திருமலையான் | செப்டெம்பர் 10

கடைசி வரைக்கும் படம் போடவே இல்ல தம்பி.

உவர்மலை_வாசி | செப்டெம்பர் 14

அண்ணை படம் போடுறன் போடுறன்.

இன்னொரு விசயம். இண்டைக்கு கிணத்தடியில விறகு அடுக்கி இருந்ததை எடுக்கேக்க அடியில ஸ்பெயார் வீல் கிடக்கு, ரயரோட, காத்து கூட அரைவாசி இருக்கு. விறகு அடுக்க முந்தி அப்பா அதில இருந்துதான் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில பல்லு விளக்கிறவர், நாங்க எல்லாரும் கண்டிருக்கிறம். ரீச்சருக்கு கோல் எடுத்து சொன்னன், சனிக்கிழமை தகப்பன் பைக்கில வாறாராம் எடுக்க.